மூன்று விரல் இடைவெளி

ஆறு பேர் சேர்ந்து பலகையைத் தூக்கி வைத்தோம். ஒரே துண்டு ஓக் மரம். வாசலில் நின்று பார்த்தால் சுவரோடு அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. "அப்பாடா!" என்று யாரோ மூச்சு விட்டார்கள். நான் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒருவரும் போட்டோ எடுக்கக்கூடாது என்று காலையில் நானே போட்ட தடையை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் வருந்தினேன்.

பவானி கவுண்டருக்குப் பின்னால் போனாள். அவளுடைய கடை. நாள் முழுக்க நின்று ரோல்ஸும் பற்றிஸும் விற்கப்போகிற இடம். போனவள் குனிந்தாள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டாள். சுட்டுவிரல் போனது. நடுவிரல் போனது. மோதிரவிரலும் போனது.

"பாலண்ணை, இதென்ன?"

எட்டிப் பார்த்தேன். முன்னால் நூல் நுழையாத பொருத்தம். பின்னால் போகப் போகச் சுவர் விலகி விலகி, கடைசியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். தின்பண்டம் விற்கிற கடையில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் உதிர்கிற தூளெல்லாம் அதற்குள்தான் போகும். மிச்சம் என்கிற எங்கள் லண்டன் வட்டாரத்தில் உள்ள அத்தனை எலிகளும் குடும்பத்தோடு குடிவந்துவிடும்.

கடைக்குள் இருபத்தொரு யாழ்ப்பாணத்தாரும் ஒரு கோயம்புத்தூர்க்காரரும் இருந்தோம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மரத்தூளும் பெயின்ட்டும் மணந்தன. பின்னுக்கு யாரோ கறிவேப்பிலை தாளித்தார்கள்.

பிறகு எல்லாருடைய கண்ணும் குகன் பக்கம் திரும்பியது. அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் அவன்தான். குகன் என் மனைவி ரஞ்சியின் தம்பி. அவனும் நானும் நேருக்கு நேர் கதைத்து நாலு வருடம்.

பிழை அவனுடையது இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், ரஞ்சிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் வந்த கதை

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வாய்க்கொழுப்பு பழகியிருக்கும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கிச்சின் பாலன். தென் லண்டனில் இருபத்தேழு வருடமாக மற்றவர்களின் குசினியில், சமையலறையில்தான், முழங்காலில் நின்று அலுமாரி பூட்டிப் பொருத்திச் சாப்பிடுகிறவன். நல்லாகச் செய்வேன். நல்லாகச் செய்கிறேன் என்று நானே சொல்லியும் திரிவேன். இரண்டாவதில் எனக்குத் திறமை கூட.

பவானியின் கடை ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். பதினொரு வருடமாகத் தனி ஒருத்தியாக நடத்துகிறாள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கையில் ரோல்ஸும் மறுகையில் போனுமாக ட்ராமுக்கு ஓடுகிற காட்சி அவளால் வந்ததுதான்.

மாரியில் ஒருநாள், மேல்வீட்டில் இருந்தவர்கள் விடுமுறைக்குப் போன நேரம், அங்கே குழாய் வெடித்தது. இரண்டு நாள் தண்ணீர் ஓடி, கூரைப்பலகை தொப்பென்று கவுண்டரின் மேல் விழுந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அது எந்த வகைத் தண்ணீர் என்று கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். தண்ணீரில் என்ன வகை! நனைக்கிற வகைதான்.

கடைச் சொந்தக்காரர் மூன்று மாதம் பொறுத்தார். பிறகு சொன்னார்: "வருகிற திங்கள் காலை ஒன்பது மணிக்கு வருவேன். கடை திறக்கிற நிலையில் இருந்தால் குத்தகையைப் புதுப்பிக்கிறேன். இல்லாவிட்டால் சாவியைத் தாருங்கள். வேப் சிகரெட் கடை போட ஒருவர் காத்திருக்கிறார்."

பவானி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணை, ஒரு கிழமையில ஏலுமோ?"

"தனி ஆளா எனக்கு ஏலாது" என்றேன். பிறகு என் வாய் என்னைக் கேட்காமலே ஓடியது. "ஆனா எல்லாருமா நிண்டா ஏலும். கரண்ட், தண்ணி, சீலிங் மூண்டையும் லைசன்ஸ் உள்ள ஆக்கள் வெள்ளிக்கு முன்னம் முடிக்கட்டும். மிச்சம் முழுக்கச் சனிக்கிழமை ஒரே நாளில நாங்கள் செய்வம்."

"ஒரே நாளிலயோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று உள்ளேயிருந்து ரஞ்சி கேட்டாள்.

விசரும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஒரு தாடிக்காரரைச் சந்தித்த வினை.

மீசை இல்லாத தாடி

அதற்கு முந்திய கோடையில் ரஞ்சியின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரொறன்ரோ போயிருந்தோம். கல்யாண அமளி முடிந்ததும், "ஆமிஷ் ஆக்களின்ர தளபாடத்தைப் பாக்கவேணும் அண்ணை, நீங்கள் மயங்கி விழுவியள்" என்று சொல்லி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் கொண்டுபோனார்கள். பழைய முறைப்படியே வாழ்கிற ஒரு கிறிஸ்தவக் கூட்டம் அது. போனது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு விற்பனை இல்லை என்று வாசலில் ஒரு சின்னப் பலகை. கண்ணாடி வழியே மூக்கை நசித்துப் பார்த்துவிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை நான் அடம்பிடித்துத் திரும்பப் போனேன்.

தச்சுப்பட்டறைக்காரருக்கு என் வயதிருக்கும். தாடி நெஞ்சு வரைக்கும். மீசை மட்டும் சுத்தமாக வழித்திருந்தார். எங்கள் ஊரில் மீசை வைத்துத் தாடியை எடுப்போம். இந்த மனுசன் நேர்மாறு. பெயர் கேட்டேன், சொன்னார். இங்கே எழுதமாட்டேன். ஏன் என்று போகப் போக விளங்கும்.

கரண்ட் இல்லாத சனம் என்று கேள்விப்பட்டுப் போன எனக்கு, உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டதும் கள்ளனைப் பிடித்துவிட்ட சந்தோசம். "இதென்ன ஓடுது?" என்றேன். கொட்டிலுக்கு வெளியே ஒரு டீசல் எஞ்சின், அதிலிருந்து காற்றுக் குழாய், காற்றில் ஓடுகிற வாள். மிஷின்மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு புதுச் சாமான் வந்தால் அது பக்கத்து வீட்டாரையும் எங்களையும் கிட்டக் கொண்டுவருமா, தூரப் பிரிக்குமா என்று கூடிக் கதைத்துத்தான் முடிவெடுப்பார்களாம். டெலிபோன்கூட இருந்தது. வீட்டுக்குள் இல்லை, ஒழுங்கை முடிவில் ஒரு சின்னப் பெட்டிக் கொட்டிலுக்குள். "மணி அடித்தால் சாப்பாட்டு மேசையில் யாரும் எழும்பக்கூடாது" என்றார். ரஞ்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

தொழில் பழக்கத்தில் ஒரு மேசையின் அடியில் கையை ஓட்டினேன். மேல்பக்கம் போலவே அடியும் வழுவழுவென்று இழைத்திருந்தது. "இதை ஆர் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"பென்சில் விழுந்தால் குனிந்து எடுக்கிறவர்" என்றார்.

உங்கள் பெயர் எங்கே என்று தேடினேன். இல்லை. நான் பூட்டுகிற ஒவ்வொரு அலுமாரிக்கும் பின்னால் பென்சிலால் என் பெயரை எழுதுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அதை யார் வாசிப்பார்கள்?" என்றார். அடுத்த முறை அதைக் கழற்றுகிற தச்சன் வாசிப்பான் என்றேன். "வாசித்துவிட்டு என்ன சொல்வான்?"

யோசித்தேன். "திட்டுவான்" என்றேன். "பெயர் தெரிந்து திட்டுவான்."

தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

ஒரு வீட்டுக் களஞ்சியம் எரிந்துபோனால் முழு ஊரும் ஒருநாள் வந்து நின்று புதிதாக எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் கதையையும் அவர்தான் சொன்னார். இன்சூரன்ஸ் அவர்களுக்கு இல்லை, அயலவர்கள்தான் இன்சூரன்ஸ். நன்றிப் பலகை, பொன்னாடை ஒன்றும் கிடையாது. நாளைக்கு எரிவது என்னுடைய களஞ்சியமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

எல்லாம் பூவும் தேனும் என்று நினைக்கவேண்டாம். கட்டுப்பாட்டை மீறி, திருந்தவும் மறுக்கிறவரை ஒதுக்கி வைப்பார்களாம். ஒரே மேசையில் சாப்பிடக்கூட மாட்டார்களாம். அதைச் சொல்லும்போது அந்த மனுசனின் முகம் சுருங்கியது. நான் மட்டும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கலை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாதது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். பெயரைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. பெரிய பிழை செய்தால், ஆராதனை முடிந்தபின் எல்லாருக்கும் முன்னால், சிலவேளை முழங்காலில் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லவேண்டும். சொல்லி மன்னித்த பிறகு அந்தக் கதையை யாரும் திரும்ப எடுக்கக்கூடாது.

நாற்பது வருடத்துக்கு முந்திய மாட்டு வேலிச் சண்டையை ரொறன்ரோ கல்யாணப் பந்தியில் இழுத்து வைத்துக் கதைத்துவிட்டு வந்த எனக்கு அது ஆகலும் புதினமாக இருந்தது.

தலைவர், செயலாளர், பொருளாளர்

பவானி வந்துபோன அன்று மாலை என் வீட்டு இருக்கையறையில் கூட்டம். வந்தவர்கள் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு தலைவர், இரண்டு உபதலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆளாளுக்குப் பதவி பிரித்துவிட்டார்கள். ஆணி ஒன்றுகூட வாங்கவில்லை. சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் முக்கால் மணித்தியாலம் போனது.

தலைவராகத் தன்னைத்தானே முன்மொழிந்தவர் நடேசு மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், நல்ல மனுசன், ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் நிலை தடுமாறுவார். "முதலில ஒரு பனர் அடிப்பம். பிரதம விருந்தினரா..." என்று தொடங்கினார்.

எனக்குக் கொதி வந்துவிட்டது. எழும்பி நின்று தாடிக்காரரின் கதையைச் சொன்னேன். தலைவர் இல்லை, பனர் இல்லை, பெயர் இல்லை, போட்டோ இல்லை. போன் எல்லாம் பின்கதவடியில் ஒரு வாளிக்குள். காலை ஏழு மணிக்கு வாறது, வேலை செய்யிறது, சாப்பிடுறது, போறது.

எல்லாருடைய முகமும் இருண்டுபோனது.

"போட்டோ இல்லாட்டி நாங்கள் வந்தது எப்பிடித் தெரியும்?" என்று மாஸ்டர் உண்மையான கவலையோடு கேட்டார்.

அவரையும் குறைசொல்லேலாது. கை கழுவுகிற குழாயிலும், செருப்பு வைக்கிற தட்டிலும், மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் "உபயம்" என்று பெயர் எழுதி வளர்ந்த சனம் நாங்கள். காற்று சுழன்றாலும் பெயர் தெரியவேண்டும்.

"அங்கிள், நான் வர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்ற வேலையச் செய்யறேன்" என்றான் கார்த்திக். கோயம்புத்தூர்ப் பெடியன், பாங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை, பவானியின் பற்றிஸ் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. கடைசியில் மற்றவர்களும் சரி என்றார்கள். மாஸ்டர் மட்டும் போகும்போது வாசலில் நின்று, "ஒரு சுவர் மணிக்கூடு குடுத்தா, அதில சின்னதா..." என்றார். கதவைச் சாத்தினேன்.

முழங்காலில் நின்று பிழையை ஒத்துக்கொள்கிற பகுதியை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ?

நாலு வருடம், நாலு அடி

இனிக் குகனின் கதை.

நான் முதுகு பிடித்து இரண்டு மாதம் தரையில் கிடந்து எழும்பிய நேரம். நடக்கத் தொடங்கியதும் மோர்டனில் குகனின் வீட்டுக்குப் போனேன். போனால் அங்கே புதுக் குசினி! பளபளவென்று மின்னுகிறது. வேறு ஆட்களை வைத்துப் பூட்டியிருக்கிறான். லண்டன் முழுக்கக் குசினி பூட்டுகிற அத்தான் வீட்டில் இருக்க, ஒரு வார்த்தை கேட்காமல்.

இந்த அத்தானின் கதை முடிஞ்சுது என்று நினைத்துவிட்டான், அதுதான் எனக்கு விளங்கியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். நான் தேத்தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன். அன்றோடு கதைபேச்சு இல்லை. ஆமிஷ் ஆட்களுக்கு ஒருவரை ஒதுக்கி வைக்கக் குறைந்தது ஒரு பிஷப்பும் ஊர்க்கூட்டமும் வேண்டும். எனக்கு அதுவும் தேவைப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை பவானிக்காகவும் அக்காவுக்காகவும் குகன் வந்தான். நான் பார்க்காத மாதிரி நின்றேன். கவுண்டர் அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பக்கத்தில் நின்றது அவன்தான். பிடித்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு அடி.

"அக்கா, அத்தானிட்டச் சொல்லுங்கோ, சுவர் கோணலாக் கிடக்கு. முன்னால மட்டும் அளந்தாக் காணாது, பின்னாலயும் அளக்கச் சொல்லுங்கோ."

ரஞ்சி அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, பின்னாலயும் அளக்கட்டாம்."

எனக்கு இரண்டு தடவையும் வடிவாகக் கேட்டது. குகன் சொன்னது சரி என்பது கண்ணாலேயே தெரிந்தது. பழைய லண்டன் கட்டடம், எந்தச் சுவர் நேராக இருந்திருக்கிறது? ஆனால் வேறு ஆளை வைத்துக் குசினி பூட்டினவன் எனக்கு அளவு சொல்லித் தாறதோ! முன்பக்க அளவை மட்டும் எழுதினேன். அதற்கு வெட்டினேன்.

அந்தப் பலகைதான் பவானியின் கவுண்டர். அப்படி இன்னொன்று வேண்டுமென்றால் அடுத்த வியாழனுக்கு முன் வராது.

எழும்பி நின்றது

திரும்பவும் அந்த மூன்று விரலுக்கு வருகிறேன்.

"குகன், டேப்பைச் சரியாப் பிடிச்சிருக்கலாமே" என்றார் மாஸ்டர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, வகுப்பில் பெடியளுக்குச் சொல்கிற தொனி. இன்னும் இரண்டு பேர் "ஓம், ஓம்" என்றார்கள்.

குகன் என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன். அவன் கையுறையைக் கழற்றி ஜன்னலடியில் வைத்தான். "சரி, என்ர பிழையெண்டே வையுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் கோட்டை எடுத்தான்.

ரஞ்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அவள் என்னைக் கோபமாகப் பார்த்த தடவைகளை எண்ணேலாது. இது கோபம் இல்லை. இந்த மனுசன் யார் என்று பார்க்கிற பார்வை.

குகன் கதவைத் திறந்தான். வெளியே ட்ராம் வருகிற சத்தம். அதில் ஏறிப் போனானென்றால் இனி எங்கள் வீட்டுச் சாவு வீட்டுக்குத்தான் வருவான். அதுவும் வந்து பின்வரிசையில் நிற்பான்.

"ஒருக்கா எல்லாரும் நில்லுங்கோ" என்றேன். சத்தம் கூடிவிட்டது. தாளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "உது குகன்ர பிழை இல்லை. சுவர் கோணல், பின்னாலயும் அளவுங்கோ எண்டு அவன் சொன்னவன். எனக்கு வடிவாக் கேட்டது. சொன்னது அவன் எண்ட ஒரே காரணத்தால அளக்கேல்லை. நான்தான் பிழை விட்டது. பாலன்."

காது இரண்டும் கொதித்தன. முழங்காலில் நிற்கவில்லை, நின்றால் எழும்ப இரண்டு பேர் வேண்டும்.

"சரி சரி, விடும் பாலன், ஆற்ற பிழையெண்டா என்ன" என்று மாஸ்டர் மழுப்பப் பார்த்தார்.

"இல்லை மாஸ்டர். என்ர பிழை எண்டு கேட்டாச்சோ? அப்ப இனி இந்தக் கதையை ஒருத்தரும் எடுக்கப்படாது. அதுதான் சட்டம்."

"உதையும் தாடிக்காரர்தான் சொன்னவரோ? முந்தி நீர் சொல்லேல்லையே!"

"அதுவும் என்ர பிழைதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கடை முழுக்கச் சிரித்தது. கார்த்திக் கையை உயர்த்தினான். "அங்கிள், அந்த ப்ளக் பாயின்ட் மேல பெயின்ட் அடிச்சது நான்தான். காலைல இருந்து சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்." பின்னுக்கு நின்ற ஒருவர் வடைத் தட்டில் ஏழு குறைந்ததற்குப் பொறுப்பேற்றார். மாஸ்டர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். "சிங்குக்கு அடியில ஒரு ஸ்டிக்கர்... என்ர பேர்தான்... சின்ன எழுத்து." அவரே போய்க் குந்தியிருந்து சுரண்டினார்.

கதவடியில் குகன் கோட்டை ஒரு கையில் மாட்டியபடி நின்றான்.

சுவரைக் கூட்டி வந்தோம்

"இனி என்ன செய்யிறது?" என்றாள் பவானி. எல்லாரும் சிரித்த நேரத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது மணித் திங்கட்கிழமை அவள் முகத்தில் அப்படியே நின்றது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. இருபத்தேழு வருட அனுபவம் எங்கேயோ போய் ஒளித்துக்கொண்டது.

"மேசை சுவரிட்டப் போகாட்டி சுவரை மேசையிட்டக் கொண்டு வருவம்" என்றான் குகன்.

அக்காவிடம் சொல்லச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்.

சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைத் தகடுகளைக் கழற்றுவது. ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்த கட்டைகளாகச் சீவிச் சுவரில் அடிப்பது. தகட்டைத் திரும்ப அதன்மேல் ஒட்டுவது. சுவர் நேராகும், பள்ளம் மூடும். கேட்டதும் எனக்குப் பொறாமை வந்தது. அடக்கிக்கொண்டேன், அன்றைக்குத்தான் எழும்பி நின்றவன் என்றபடியால்.

"எத்தினை கட்டை வேணும்?" என்று கேட்டேன். நாலு வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஒன்பது, அத்தான்."

கார்த்திக்கும் இன்னும் நாலு பேரும் தகடு கழற்ற, நான் சீவ, குகன் அடித்தான். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த உபதலைவர்கள்கூட அன்றைக்குத்தான் சுத்தியலின் எந்தப் பக்கம் இரும்பு என்று கண்டுபிடித்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பவானி பலகைக்குப் பின்னால் போய்க் கையை விட்டுப் பார்த்தாள். நகம்கூடப் போகவில்லை. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். மூன்று மாதத்து அழுகை.

ரஞ்சியின் முறை

பிந்திய மத்தியானச் சாப்பாடு. பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும். வாளி மாறி உட்கார்ந்ததில் மாஸ்டரின் காற்சட்டைப் பின்பக்கம் வெள்ளையாகிவிட்டது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதை யாராவது பிறகு எழும்பி ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ரஞ்சி அகப்பையோடு எழும்பி நின்றாள்.

"எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு."

சிரிக்கத் தயாரானோம்.

"குகன் குசினி பூட்டேக்க முதல் இவரைத்தான் கேக்க வந்தவன். நான்தான் வாசலில வச்சு மறிச்சனான். இவருக்கு அப்ப முதுகு. பாரம் தூக்கினா இனி நடக்கமாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தம்பிக்கெண்டா இந்த மனுசன் கேப்பாரோ? அண்டைக்கே தூக்கியிருப்பார். அதுதான் வேற ஆக்களை வை, நான் சொன்னதெண்டு சொல்லாதை எண்டு அம்மாவாணை சத்தியம் வாங்கினனான். பேந்து இவர் கோவிச்சுக்கொண்டு வர, சொன்னா அடுத்த கோபம் என்னோட எண்டு பயந்து... இண்டைக்கு நாளைக்கு எண்டு நாலு வருசம் போட்டுது. என்ர பிழை. ரஞ்சி."

சொல்லிவிட்டு அகப்பையைத் திரும்பச் சோற்றுச் சட்டிக்குள் வைத்தாள்.

நான் குகனைப் பார்த்தேன். அவன் சொதியைப் பார்த்தான். நாலு வருடமாக என் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு, அக்காவுக்குக் கொடுத்த ஒரு வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான் இந்தப் பாவி. ரஞ்சியை ஏசுவோம் என்றால் சட்டம் போட்டவன் நான். ஒத்துக்கொண்ட கதையைத் திரும்ப எடுக்கப்படாது.

"சோறு போடு" என்றேன். போட்டாள். என்னுடைய அளவைவிடக் கூடப் போட்டாள்.

திங்கள் காலை ஒன்பதுக்குச் சொந்தக்காரர் வந்தார். சுவரைத் தட்டினார், பலகையைத் தடவினார். "யார் செய்தது?" என்று கேட்டார். "எங்கட ஆக்கள்" என்றாள் பவானி. இரண்டு ரோல்ஸ் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்தரைக்குத் தட்டுகள் காலி.

அதற்கடுத்த ஞாயிறு மோர்டனுக்குப் போனேன். ரஞ்சி வரவில்லை, தனியப் போங்கோ என்றாள். குகனின் குசினிக்குள் நாலு வருடத்துக்குப் பிறகு கால் வைத்தேன். அலுமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இழுப்பறை லாச்சிகளை இழுத்து அடியில் கையை ஓட்டினேன். மூலைகளைக் குனிந்து பார்த்தேன். ஒரு பிழை, ஒரேயொரு பிழை கிடைக்காதா என்று கால்மணித்தியாலம் தேடினேன். குகன் அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

இருபத்தொரு பேருக்கு முன்னால் என் பிழையைச் சொன்னது லேசு. இது வாய்க்குள் கல் மாதிரிக் கிடந்தது.

"என்னைவிட வடிவாச் செய்திருக்கிறாங்கள்" என்றேன்.

அவன் கோப்பையை என் முன்னால் வைத்தான். "ஓம் அத்தான், நல்ல வேலைதான்" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆனா இதுக்குள்ள நிண்டு சமைச்சுச் சாப்பிட்ட ஒரு சாப்பாடும் எனக்கு இறங்கேல்லை."

நான் கோப்பையை எடுத்தேன். சீனி போட மறந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டேன்.